எஃப்2 அழுத்தச் சொன்னவர்கள்

டெர்மினலில் எஃப்1 விசையை அழுத்தினால் நீலத்தில் ஒரு ஜன்னல் திறக்கும், வாங்க. எஃப்2 அழுத்தினால் சிவப்பு, விற்க. திருச்சி தில்லை நகரில் ஒரு மாடியில் இருந்த சப்-புரோக்கர் ஆபீஸில் 2005-ல் நான் டீலராகச் சேர்ந்தபோது முதலாளி சொல்லிக்கொடுத்தது இவ்வளவுதான். தேசியப் பங்குச் சந்தை நடத்திய என்.சி.எஃப்.எம். பரீட்சையில் பாஸ் செய்திருந்ததால் திரைக்கு முன்னால் உட்காரத் தகுதி இருந்தது. கிளையன்ட் போனில் சொல்வதைத் திருப்பிச் சொல்லி, உறுதி செய்துகொண்டு ஆர்டர் போட வேண்டும். யோசனை சொல்லக் கூடாது. “நீ சொல்லி அவர் வாங்கினா, லாபம் அவரோட புத்திசாலித்தனம், நஷ்டம் உன்னோட வாய்க்கொழுப்பு” என்பார் முதலாளி. பங்குச் சந்தையைப் பற்றி நான் கேட்ட பேச்சுகளில் இன்றுவரை பழுதாகாதது இது ஒன்றுதான்.

அப்போதெல்லாம் சந்தை 9.55-க்குத் திறக்கும். ஒன்பதரைக்கே பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பத் தொடங்கிவிடும். திருவெறும்பூரிலிருந்து பெல் கொதிகலன் ஆலை ஓய்வாளர்கள், பொன்மலையிலிருந்து ரயில்வேக்காரர்கள், 2001 வாக்கில் வங்கிகள் விருப்ப ஓய்வு கொடுத்தபோது மொத்தமாகப் பணம் வாங்கி வந்தவர்கள். சுவரில் டி.வி. ஓடிக்கொண்டே இருக்கும். பேருக்குப் பதில் எல்லோருக்கும் ஒரு பட்டம் இருந்தது. பெல்லில் கொதிகலன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர் பாய்லர் சார். சரக்கு ரயிலில் கார்டாக இருந்தவர் கார்டு சார். புதன்கிழமை மட்டும் அரை நாள் லீவு போட்டு வரும் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருந்த தம்பி நேரில் வருவது குறைவு, போனில்தான் வாழ்ந்தான்.

2008-ஐப் புரிந்துகொள்ள 2006 மே மாதத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அந்த மாதம் 10-ஆம் தேதி 12,600-ஐத் தொட்டு முடிந்த சென்செக்ஸ், ஜூன் 14-ல் 8,929-க்கு வந்தது. ஐந்து வாரத்தில் முப்பது சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஆபீஸே வெலவெலத்துப்போனது. ஆனால் வருஷம் முடிவதற்குள் விட்டதையெல்லாம் பிடித்து, மேலே 13,000-ஐயும் தாண்டிவிட்டது. பயத்தில் விற்றவர்கள் கேலிக்கு ஆளானார்கள். இறங்கும்போது கடன் வாங்கியாவது வாங்கிப் போட்டவர்கள் ஹீரோ ஆனார்கள். இறங்கினால் வாங்கு, ஆறு மாதம் பொறு, ஏறிவிடும். நாற்காலிகளில் உட்கார்ந்திருந்த எல்லோரும் இந்தப் பாடத்தை மனப்பாடம் செய்துகொண்டார்கள். அரைகுறைப் பாடம் என்று அப்போது யாருக்கும் தெரிய வழியில்லை. ‘ஆறு மாதம்’ என்பதை யார் எழுதிக் கொடுத்தது என்று ஒருவரும் கேட்கவில்லை.

2007 டிசம்பரில் சென்செக்ஸ் 20,000-க்கு மேல் முடிந்தது. 2008 ஜனவரி 10-ல் வர்த்தகத்துக்கு நடுவே 21,206 வரை போனது. அந்தப் பொங்கல் வாரம் எங்கள் ஆபீஸில் உட்கார இடமில்லை. ரிலையன்ஸ் பவர் பங்கு வெளியீடு வந்திருந்தது. மாடிப்படி முழுக்க விண்ணப்பப் படிவம் நிரப்பும் கூட்டம். காசோலை எழுதத் தெரியாத ஒரு பூக்கடைக்காரர்கூட மகனை அழைத்துக்கொண்டு வந்தார். திறந்த நிமிடமே மொத்தமும் கேட்கப்பட்டுவிட்டது என்று டி.வி. சொன்னது, முடிவில் எழுபது மடங்குக்கு மேல் கேட்டிருந்தார்கள். நகையை அடகு வைத்து விண்ணப்பித்தவர்களை எனக்குத் தெரியும். கணக்கு எளிது: ஒரு மாத வட்டி போக, பட்டியலிடும் நாளில் கிடைக்கும் லாபம் மிச்சம்.

இதில் யாரும் கவனிக்காத ஒரு சங்கதி இருந்தது. அன்று விண்ணப்பப் பணம் கணக்கை விட்டே போய்விடும். ஒதுக்கீடு முடிந்து திரும்ப வரும்வரை தொட முடியாது. பணத்தை நம் கணக்கிலேயே நிறுத்திவைக்கும் ஆஸ்பா முறை அதே வருஷம் பிற்பாடுதான் வந்தது. ஆக, ஜனவரி மூன்றாம் வாரம் நாடு முழுக்கச் சிறு முதலீட்டாளர்களின் கையிருப்பு ஒரே இடத்தில் போய் முடங்கிக் கிடந்தது. அடுத்த வாரம் இடி விழுந்தபோது, வாங்குவதற்கும் காசில்லை, மார்ஜின் கட்டுவதற்கும் காசில்லை.

ஜனவரி 21, திங்கட்கிழமை. காலையிலேயே ஆசியச் சந்தைகள் விழுந்துகொண்டிருந்தன. மதியத்துக்கு மேல் திரையில் சிவப்பைத் தவிர வேறு நிறமே இல்லை. ஒரு கட்டத்தில் சென்செக்ஸ் 2,000 புள்ளிகளுக்கு மேல் இறங்கி, கொஞ்சம் தேறி, 1,408 புள்ளி நஷ்டத்தில் 17,605-ல் முடிந்தது. அன்று செல்போன் கடைத் தம்பிக்கு ஃபியூச்சர்ஸில் நாலைந்து லாட் இருந்தது. ஐந்து லட்ச ரூபாய்ச் சரக்கை ஒரு லட்ச ரூபாய் மார்ஜினில் பிடித்து வைத்திருப்பது அவன் வழக்கம். சரக்கு பத்து சதவீதம் இறங்கினால் மார்ஜினில் பாதி காலி. இருபது என்றால் முழுதும் காலி. சென்னையில் இருந்த எங்கள் தலைமை புரோக்கரின் ரிஸ்க் பிரிவிலிருந்து மதியமே போன் வந்தது. சாயந்திரத்துக்குள் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் மறுநாள் காலை அவர்களே விற்றுவிடுவார்கள். தம்பிக்கு நான்தான் சொன்னேன். “அக்கா, பவர் இஷ்யூல போட்ட காசு வந்துடும்கா, பத்து நாள் டைம் கேளுங்க” என்றான். பத்து நாள் டைம் கொடுக்கும் பழக்கம் ரிஸ்க் பிரிவுக்கு இல்லை.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. 9.55-க்கு மணி அடித்ததும் சந்தை நேராகப் பத்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. விதிப்படி வர்த்தகம் ஒரு மணி நேரம் நிறுத்தப்பட்டது. டீலராக நான் இருந்த காலத்தில் அந்த ஒரு மணி நேரத்தைப் போல வேறொன்று இல்லை. திரையில் எண்கள் உறைந்து நின்றன. விசையை அழுத்தினால் ஒன்றும் ஆகாது. ஆனால் மூன்று போன்களும் ஓயாமல் அடித்தன. எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: திறந்ததும் என்னுடையதை முதலில் விற்றுவிடு. எந்த விலைக்கு என்று கேட்டால், “எந்த விலைக்கும்.” நான் ஒரு நீள நோட்டில் வரிசையாக எழுதிக்கொண்டே வந்தேன்: கிளையன்ட் கோடு, பங்கு, எண்ணிக்கை, ‘மார்க்கெட் ரேட்’. டி.வி.யில் அன்றைய நிதியமைச்சர் ப. சிதம்பரம், பதற்றப்பட எந்தக் காரணமும் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். பாய்லர் சார் எழுந்து போய் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்தார்.

பதினொரு மணி வாக்கில் மறுபடி திறந்தது. தம்பியின் லாட்டுகளைச் சென்னையிலிருந்தே விற்றுத் தள்ளினார்கள். எங்கள் திரையில் அது வெறும் வரிகளாக ஓடியது. நான் எஃப்2 அழுத்தவே இல்லை. அதற்குப் பிறகுதான் வேடிக்கை. நோட்டில் எழுதியிருந்தவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போட்டேன். விலை கொஞ்சம் தேறியிருந்தது. பாதிப் பேர், “இரும்மா, பார்க்கலாம்” என்றார்கள். பகல் முழுக்கச் சந்தை ஏறி, 875 புள்ளி நஷ்டத்தோடு 16,730-ல் முடிந்தது. காலையில் எந்த விலைக்கும் விற்கச் சொன்னவர்களில் பலர் சாயந்திரம் டீ குடித்தபடி, நான் அப்பவே சொன்னேனே என்று பேசிக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு அப்படிப் பேச வழியில்லை. அவன் நினைத்தது சரியா தப்பா என்பதற்கே இடமில்லாமல் போனது. அவன் பிடித்து வைத்திருந்த பங்குகள் மறுநாளே ஏறியிருந்தாலும் அவனுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. கடன் கொடுத்தவன் விற்கச் சொல்லும்போது நீண்டகாலம் என்ற பேச்சே எடுபடாது.

பிப்ரவரி 11-ல் ரிலையன்ஸ் பவர் பட்டியலானது. சிறு முதலீட்டாளர்களுக்குத் தள்ளுபடி போக 430 ரூபாய்க்குக் கொடுத்த பங்கு அன்று 372 ரூபாய் 50 காசில் முடிந்தது. அன்று பூக்கடைக்காரர் ஆபீஸ் வாசல்வரை வந்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் படியிறங்கினார்.

பேப்பரில் படிப்பவர்கள் சந்தைச் சரிவு என்றால் இந்த மாதிரி நாட்களை நினைத்துக்கொள்கிறார்கள். கூடத்தில் உட்கார்ந்து பார்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன்: இடி விழும் நாட்களைப் பலரும் தாங்கிவிடுகிறார்கள். தாங்க முடியாதது அதற்குப் பிறகு வரும் மாதங்கள். மார்ச்சில் கொஞ்சம் இறங்கும், ஏப்ரலில் ஏறும், எல்லோரும் மூச்சு விடுவார்கள், ஜூனில் இன்னும் ஆழமாக இறங்கும். நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. முதலாளி ஏசியை மத்தியானம் மட்டும் போடச் சொன்னார். ஆறு மாதம் ஆனது. 2006 கொடுத்த வாக்குறுதி காலாவதி ஆனது. ஜனவரி சரிவில் அசையாமல் உட்கார்ந்திருந்தவர்கள்தான் செப்டம்பர், அக்டோபரில் விற்கச் சொன்னார்கள். அதற்குள் நியூயார்க்கில் லீமன் பிரதர்ஸ் திவாலாகியிருந்தது. அந்த வருஷம் வெளிநாட்டு நிதி நிறுவனங்கள் நம் சந்தையில் வாங்கியதைவிட 50,000 கோடி ரூபாய்க்கு மேல் அதிகமாக விற்றிருந்தன. வங்கி வைப்பு நிதிக்குப் பத்து சதவீதத்துக்கு மேல் வட்டி கிடைத்தது. தினமும் தேய்கிற காசை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம், கூப்பிடு தூரத்தில் இருக்கும் வங்கி பத்தரை சதவீதம் தருகிறேன் என்றால் மனசு எப்படி ஆடாமல் இருக்கும்?

தீபாவளிக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, அக்டோபர் 24. ஒரே நாளில் 1,071 புள்ளி இறங்கி சென்செக்ஸ் 8,701-ல் நின்றது. அடுத்த திங்கட்கிழமை வர்த்தகத்துக்கு நடுவில் 7,700-ஐயும் தொட்டுவிட்டு வந்தது. ஜனவரியில் 21,000-ஐப் பார்த்த சந்தை! அந்த வெள்ளிக்கிழமை டீச்சர் வந்திருந்தார். புதன்கிழமை இல்லாத நாளில் அவர் வந்ததே எனக்குத் திக்கென்றது. தை மாதம் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது. நகைக்கும் சீருக்கும் வைத்திருந்தது எங்கள் ஆபீஸ் டீமேட் கணக்கில்தான். நல்ல பங்குகள், ஒன்றுகூடச் சோடை போகவில்லை என்று பின்னால் தெரிந்தது. அவர் நிதானமானவர், பதறி எதையும் செய்கிற ஆளில்லை. “தை மாசத்துக்குள்ள ஏறிடுமாம்மா?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியாது. தெரிந்திருந்தாலும் சொல்ல அனுமதி கிடையாது. ஒவ்வொரு பங்காகப் பெயர் சொல்லி, அவரே எண்ணிக்கையைச் சொல்லி, விற்றார். கான்ட்ராக்ட் நோட்டு வந்ததும் கைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, தீபாவளி பலகாரம் கொண்டுவரவில்லையே என்று என்னிடம் வருத்தப்பட்டார்.

பயந்தவர்கள் விற்றார்கள், தைரியசாலிகள் ஜெயித்தார்கள் என்று எழுதுவது சுலபம். டீச்சர் பயப்படவில்லை. தம்பிக்குத் தைரியம் குறைவும் இல்லை, அளவுக்கு மேலேயே இருந்தது. அந்தக் கூடத்தில் யார் விற்றார்கள், யார் வைத்திருந்தார்கள் என்பதை முடிவு செய்தது அந்தப் பணம் எப்போது தேவைப்பட்டது என்கிற ஒரே விஷயம்தான்.

இது எனக்குத் தெளிவாக விளங்கியது கார்டு சாரையும் பாய்லர் சாரையும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் பார்த்ததால். இருவரும் கிட்டத்தட்ட ஒரே பங்குகளை, கிட்டத்தட்ட ஒரே விலையில் வாங்கியவர்கள். பாய்லர் சார் படித்தவர். ஆண்டறிக்கையை அடிக்கோடிட்டுப் படிப்பார். கார்டு சார் பங்கு பற்றிப் பேசுவதைவிடக் காவிரியில் தண்ணீர் வருமா என்று பேசுவதே அதிகம். ஆனால் கார்டு சாருக்கு ஒண்ணாம் தேதி பிறந்தால் ரயில்வே பென்ஷன் வந்துவிடும். பாய்லர் சாருக்கு அப்படி இல்லை. பொதுத்துறை நிறுவனமாக இருந்தாலும் வருங்கால வைப்பு நிதித் திட்டத்தின் ஓய்வூதியம் சொற்பம். பி.எஃப்., கிராஜுவிட்டி என்று வந்த மொத்தத்தில் ஒரு பங்கை வங்கியிலும் பெரும்பங்கைச் சந்தையிலும் போட்டு, மாதாமாதம் கொஞ்சம் விற்றுத்தான் வீட்டுச் செலவை ஓட்டினார்.

மாதம் 20,000 ரூபாய் வேண்டும் என்று வையுங்கள். பங்கு ஆயிரம் ரூபாயில் இருந்தால் 20 பங்கு விற்றால் போதும். அதே பங்கு 400-க்கு வந்துவிட்டால் 50 பங்கு விற்க வேண்டும். விலை பிற்பாடு பழையபடி ஆயிரத்துக்கே போனாலும், அந்தக் கூடுதல் முப்பது அவரிடம் இல்லை. மாதம் தவறாமல் ஃபண்டில் ஐயாயிரம் ரூபாய் எஸ்.ஐ.பி. கட்டுகிறவருக்கு இதே கணக்கு தலைகீழாக வேலை செய்கிறது. விலை பாதியானால் அதே ஐயாயிரத்துக்கு இரண்டு மடங்கு யூனிட் கிடைக்கிறது. சம்பாதிக்கிற வயதில் சரிவு ஆதாயம், செலவழிக்கிற வயதில் அதுவே அரிப்பு. ஒரே சந்தை, ஒரே சரிவு. இதை அறியாமல் முப்பது வயதுக்காரருக்குச் சொல்லும் ‘பொறுமையாக இருங்கள்’ என்ற அறிவுரையை அறுபத்திரண்டு வயதுக்காரருக்கும் சொல்கிறவர்கள் மீது எனக்கு இன்றும் கோபம் வரும். பாய்லர் சார் பொறுமையாகத்தான் இருந்தார். பொறுமையாக இருந்துகொண்டே மாதாமாதம் ஐம்பது ஐம்பதாக விற்றார்.

கார்டு சாருக்கு இன்னொரு அதிர்ஷ்டம் அடித்தது. ஆறாவது சம்பளக் குழுவின் பரிந்துரைகளை மத்திய அரசு 2008-ல் ஏற்று, 2006 ஜனவரியிலிருந்து கணக்கிட்டு நிலுவை கொடுத்தது. அந்த நிதியாண்டில் நாற்பது சதவீதம், அடுத்ததில் மீதி. அவருக்கு முதல் தவணை வந்த நேரமும் சந்தை அதலபாதாளத்தில் இருந்த நேரமும் ஒன்றாக அமைந்தன. “சும்மா வந்த காசு, சும்மா கிடக்கட்டும்” என்று ஆபீஸுக்கு வந்தார். அந்த அக்டோபர், நவம்பரில் நான் திறந்த நீல ஜன்னல்களில் பெரும்பாலானவை அவருடையவை. பின்னாளில் எல்லோரும் அவரை ஞானி என்றார்கள். அவரே சிரித்துக்கொண்டு மறுப்பார்.

அந்த அக்டோபரில்தான் வாரன் பஃபெட் நியூயார்க் டைம்ஸில், நான் அமெரிக்கப் பங்குகளை வாங்குகிறேன் என்று ஒரு கட்டுரை எழுதினார். முதலாளி அதை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிவைத்தார். அதற்குப் பிறகும் அமெரிக்கச் சந்தை அடுத்த மார்ச் வரை இறங்கியது வேறு கதை. கார்டு சார் அதை முழுதும் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, “அவருக்கு தை மாசம் பொண்ணு கல்யாணம் ஒண்ணும் இல்லையே” என்றார். டீச்சர் அப்போது அங்கே இல்லை. இருந்திருந்தாலும் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டார்.

2009 ஜனவரி 7-ல் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு கணக்குகளில் பொய் எழுதியதாகத் தானே கடிதம் கொடுத்தார். 179 ரூபாயில் இருந்த பங்கு அன்று முடியும்போது 40. பல மாதங்களாக, ஐ.டி. பங்கு கையைக் கடிக்காது என்று நினைத்து அதில் ஒதுங்கியிருந்தவர்கள் எங்கள் ஆபீஸிலேயே இருந்தார்கள். மார்ச் 9-ல் சென்செக்ஸ் 8,160-ல் முடிந்தது. அன்று கூடத்தில் இருந்தது நானும், டீ கொண்டுவந்த பையனும், பாய்லர் சாரும். நாள் முடிவுக் கணக்கில் அதுதான் அடிமட்டம் என்று யாருக்கும் தெரியாது. அடிமட்டம் என்று அன்று பலகை எதுவும் மாட்டியிருக்கவில்லை.

மே 16, சனிக்கிழமை, நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வந்தன. காங்கிரஸ் கூட்டணிக்கு எதிர்பாராத வெற்றி. திங்கட்கிழமை காலை 9.55-க்குத் திறந்த சந்தை, நான் கீபோர்டில் கை வைப்பதற்குள் பத்து சதவீதத்துக்கு மேல் ஏறி நின்றுவிட்டது. வர்த்தகம் நிறுத்தம். பகல் பன்னிரண்டு வாக்கில் மறுபடி திறந்து, மறுபடி ஒரே பாய்ச்சல், அன்றைக்கு முழுதும் மூடிவிட்டார்கள். 2,110 புள்ளி ஏற்றம், 14,284. மொத்தமாக ஒரு நிமிடம்கூட வர்த்தகம் நடக்கவில்லை. வைப்பு நிதிக்கு மாறி, சந்தை தெளிந்ததும் திரும்ப வரலாம் என்று காத்திருந்தவர்கள் அன்று வரிசையாகப் போன் செய்தார்கள். வாங்கச் சொன்னார்கள். விற்கத்தான் ஒருவரும் இல்லை. சரிவின்போது இறங்கிக்கொண்டு, ஏறும்போது ஏறிக்கொள்வேன் என்பவர்களிடம் இந்த ஒரு நாளைப் பற்றித்தான் நான் இன்றும் சொல்வேன். கதவு திறந்திருந்தது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அது எந்த நிமிடம் என்பதை முதல் நாளே அறிந்த யாரையும் நான் சந்தித்ததில்லை.

இந்த இடத்தில் பலர் கதையை முடித்துவிடுவார்கள். 2010 நவம்பரில் தீபாவளிக்கு முந்தைய நாள் சென்செக்ஸ் 20,893-ல் முடிந்து, 2008 ஜனவரியின் உச்ச முடிவைக் கடந்தது. பொறுத்தவர் பூமி ஆண்டார். பாதி உண்மை. மறு வருஷமே மறுபடி இறங்கி, 2013 கடைசியில்தான் அந்த உச்சத்தை விட்டு நிலையாக மேலே போனது. உச்சத்தில் மொத்தமாகப் போட்டவர் ஆறு வருஷம் காத்திருந்தார், விலைவாசி ஏற்றத்தைச் சேர்த்தால் இன்னும் அதிகம்.

மறுபாதி, குறியீடு மீண்டது என்பதால் நம் பங்குகள் மீண்டன என்று ஆகாது. குறியீடு ஒரு வகையில் கல்நெஞ்சக்காரக் கிரிக்கெட் தேர்வாளர் மாதிரி. ஃபார்ம் போனவனைத் தூக்கிவிட்டு அடுத்தவனைச் சேர்த்துக்கொண்டே ஸ்கோர் ஏறியது என்று சொல்லும். 2008-ல் சென்செக்ஸின் முப்பதில் இருந்த சத்யம் போனது. அதே முப்பதில் இருந்த ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் 2019-ல் திவால் நடவடிக்கைக்குள் போனது. நம் டீமேட் கணக்கிலிருந்து அவற்றைத் தூக்கத் தேர்வாளர் யாரும் வர மாட்டார். எங்கள் ஊரில் இது இன்னும் நெருங்கி வலித்தது. பெல் பங்கு இல்லாத டீமேட் கணக்கு திருவெறும்பூர் பக்கம் அபூர்வம். தன் கையால் வேலை செய்த கம்பெனி, மத்திய அரசு கம்பெனி, ஆர்டர் குவிந்து கிடக்கிறது. சரிந்த ஒவ்வொரு தடவையும் இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்தார்கள். ஆனால் அனல்மின் நிலையங்களுக்கான ஆர்டர்கள் வற்றின, சீன இயந்திரங்களின் போட்டி வந்தது. 2011-ல் பங்கைப் பிரித்ததையும் 2017-ல் கொடுத்த போனஸையும் சரிக்கட்டிப் பார்த்தாலும், 2020 மார்ச்சில் அதன் விலை 2007 உச்சத்தின் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. பிறகு மேலே வந்ததும் உண்மைதான். அதற்குள் அந்த நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்களில் பலர் இல்லை.

ஆவரேஜ் செய்வது பற்றி எனக்கு ஒரு பிடிவாதம் உண்டு. பரந்த குறியீட்டு நிதியோ, பல பங்குகள் கொண்ட ஃபண்டோ இறங்கும்போது கூடுதலாக வாங்கலாம். மொத்தப் பொருளாதாரமும் பூஜ்யத்துக்குப் போவது அரிது. தனிப் பங்கு இறங்கும்போது வாங்குகிறவர், அது ஏன் இறங்குகிறது என்று தனக்குத் தெரியும் என்கிறார். ஐம்பது பேரில் இரண்டு பேருக்குத் தெரிந்திருக்கலாம்.

பாய்லர் சார் மீதியை 2009 கடைசியில் கணக்குப் போட்டார். நோட்டுப் புத்தகத்தில் கோடு போட்டு, மூன்று வருஷ வீட்டுச் செலவைத் தனியாக எடுத்து, தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டார். அன்று அதற்கு ஒன்பது சதவீத வட்டி. மீதம் மட்டும் சந்தையில். “இதை ரிட்டயர் ஆன அன்னிக்கே செஞ்சிருந்தா உன் நோட்டுல என் பேரு இவ்வளவு தடவை இருந்திருக்காதும்மா” என்றார். அதற்குப் பிறகு அவர் தினமும் வருவதை நிறுத்திவிட்டார். மாசம் ஒரு தடவை வருவார். சந்தை எவ்வளவு என்று கேட்க மாட்டார்.

நான் அந்த ஆபீஸை விட்டு, பரீட்சை எழுதி, மியூச்சுவல் ஃபண்ட் விநியோகஸ்தராக ஸ்ரீரங்கத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கத் தொடங்கிய பிறகுதான் 2020 வந்தது. ஜனவரியில் 42,000-ஐத் தாண்டிய சென்செக்ஸ் மார்ச் 23 அன்று ஒரே நாளில் 3,935 புள்ளி இறங்கி 25,981-க்கு வந்தது. பதின்மூன்று சதவீதம். அன்றும் இடையில் வர்த்தகம் நின்றது, இந்தத் தடவை 45 நிமிடம். ஆனால் போன் ஓயாமல் அடிக்கவில்லை. எல்லோரிடமும் ஆப் இருந்தது. நோட்டில் எழுதிவைக்க டீலர் இல்லை, அந்த 45 நிமிடத்தில் மனசை மாற்றிக்கொள்ளச் சொல்லி யாரும் திரும்ப அழைக்கவில்லை.

அழைத்தவர்களில் ஒருவன் பாய்லர் சாரின் மகன். பெங்களூரில் ஹோட்டல், சுற்றுலா பதிவு செய்யும் ஒரு கம்பெனியில் வேலை. வீட்டுக்கடன், இரண்டு குழந்தைகள். ஏழெட்டு வருஷமாக என் மூலம் எஸ்.ஐ.பி. கட்டி வருகிறவன். “அக்கா, எல்லாத்தையும் எடுத்துடலாமா?” டீலராக இருந்தால் சும்மா இருந்திருப்பேன். இப்போது பேசலாம். சந்தை என்ன ஆகும் என்று நான் பேசவில்லை. சம்பளம் நின்றால் எத்தனை மாதம் ஓட்டுவாய் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. இரண்டு மாதம், இழுத்துப் பிடித்தால் மூன்று. கொரோனாவால் ஊரெல்லாம் அடைத்துக் கிடக்கும்போது ஹோட்டல் பதிவுக் கம்பெனியில் அவன் வேலை எத்தனை நாள் நிற்கும் என்பதை அவனும் அறிவான், நானும் அறிவேன். ஒரு வருஷத்துக் கடன் தவணையும் வீட்டுச் செலவும் தேறும் அளவுக்கு மட்டும் விற்றுவிடு, மீதியைத் தொடாதே, எஸ்.ஐ.பி.யை நிறுத்த வேண்டுமானால் கூச்சப்படாமல் நிறுத்து என்றேன். கிட்டத்தட்ட பாதி விற்கவேண்டி வந்தது. நஷ்டத்தில்தான்.

நவம்பரில் சென்செக்ஸ் ஜனவரி உச்சத்தைக் கடந்தது. அடுத்த பிப்ரவரியில் 50,000-க்கு மேல் முடிந்தது. அவன் வேலை போகவில்லை; சம்பளத்தை மட்டும் சில மாதம் குறைத்தார்கள். “நீங்க சொல்லித்தான்கா வித்தேன், இன்னிக்கு வச்சிருந்தா எவ்வளவு தெரியுமா?” என்று கணக்குப் போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினான். முதலாளி சொன்ன வாய்க்கொழுப்புக் கணக்கு சரியாக வந்து உட்கார்ந்தது. வேலை போயிருந்தால், மே மாதம் மீதிப் பாதியையும் விற்றிருப்பாயே என்று பதில் போட்டேன். போகவில்லையே என்றான். இந்த வாக்குவாதம் அவன் ஊருக்கு வரும்போதெல்லாம் தொடர்கிறது. பாய்லர் சார் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து, யார் பக்கமும் சேராமல், காபியை ஆற்றிக்கொண்டிருப்பார். எஸ்.ஐ.பி.யை மட்டும் அந்த ஆகஸ்டிலேயே அவன் திரும்பத் தொடங்கிவிட்டான், முன்னைவிட ஆயிரம் ரூபாய் கூட்டி.